அந்தகார நிவாரணி சபையின் தண்ணீர்ச் செலவு

எங்கள் சபையில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைவிடத் தொண்டைக்கு ஊற்றும் தண்ணீர்தான் அதிகம். சபையின் பெயர் அந்தகார நிவாரணி சபை. இருட்டைப் போக்குகிற சபை என்று அர்த்தம். இருட்டைப் போக்க விளக்கு வேண்டும் என்று நினைக்கிறவன் பாமரன். கல்கத்தாவில் படித்தவர்கள் அதைப் பேசியே போக்குவார்கள். பேசினால் நாக்கு வறளாதா? அதற்காகத் தலைவரின் மேஜைமேல் எப்போதும் ஒரு வெள்ளி டம்ளரும் ஒரு கூஜாவும் இருக்கும்.

நான் பனமாலி பாதுரி, அந்தச் சபையின் எழுத்தன். எனக்கு மூன்று வேலை. இங்கிலீஷில் பேசப்படுவதை உடனுக்குடன் வங்காளியில் சொல்வது, இரண்டையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுவது, டம்ளர் காலியானால் நிரப்புவது. பேசுகிறவர்களும் வங்காளிகள், கேட்கிறவர்களும் வங்காளிகள். இருந்தாலும் அறிவு முதலில் இங்கிலீஷில்தான் விழிக்கும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பதினோரு வருஷத்தில் நான் செய்த வேலைகளில் யாருக்காவது பிரயோஜனப்பட்டது கூஜா வேலை ஒன்றுதான்.

சபை தொடங்கியது விதவைகளுக்காக. விதவை மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது, கல்யாணம்தான் பாக்கி. சபை முதல் காரியமாக, விதவை என்பவள் யார் என்று தீர்மானிக்க ஓர் உபகுழு போட்டது. உபகுழு ஏழு மாதம் உட்கார்ந்து, நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி, புருஷன் செத்தவள் என்று கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம். அந்த நன்றியை அழகாகச் சொன்னவருக்கு நன்றி சொல்ல மறுவாரம் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்குமாக ஒன்பது கூஜா.

கூட்டம் முடிந்ததும் ஜாதியை ஒழிப்போம். அதாவது, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, முஸல்மான் கடையிலிருந்து வந்த பிஸ்கோத்தையும் ஆட்டுக்கறித் துண்டையும் தின்போம். கீழே மாடிப்படி ஓரம் செம்பில் கங்கா ஜலம் இருக்கும். ஒவ்வொருவராக வாய் கொப்பளித்துவிட்டு, அவரவர் ஜாதிக்குத் திரும்பி, வீட்டுக்குப் போவார்கள்.

தலைவர் ராய் பகதூர் மஹிமாசரண் லாஹிரி. அவர் வீட்டு மாடியில்தான் கூட்டம். பதினான்கு வயதில் விதவையாகிச் சங்கு வளையலை உடைத்த அவருடைய தங்கை, அதே வீட்டு உள்கட்டில் முப்பது வருஷமாக வெள்ளைச் சேலையோடு இருந்தாள். ஒரு புது உறுப்பினர், பாவம், விவரம் தெரியாமல் அந்த அம்மாளைப் பற்றிக் கேட்டுவிட்டார். ராய் பகதூர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, “சீர்திருத்தத்தைத் தன் வீட்டிலிருந்து தொடங்குவது சுயநலம். நான் தேசத்துக்காக உழைக்கிறவன்” என்றார். கைதட்டினார்கள். நானும் புத்தகத்தில் ‘கைதட்டல்’ என்று எழுதிக்கொண்டேன்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த சபைக்குள், சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை, அக்ரூர் சக்ரவர்த்தி வந்து சேர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் கசங்கிய துண்டு, கையில் கசங்கிய காகிதம்.

“இங்கதானே பாபு கண்ணீரைத் துடைக்கிறாங்க?” என்றார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் துண்டுப் பிரசுரம்தான். ‘விதவைச் சகோதரிகளே! உங்கள் கண்ணீரைத் துடைக்க எங்கள் கரம் நீண்டிருக்கிறது.’ வங்காளி வாசகம் என்னுடையது.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“பொரி பொட்டலம் கட்டி வந்துச்சு. பொரியைத் தின்னுட்டுப் படிச்சேன். படிச்சதும் ஓடி வந்தேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “எனக்கு ஒரே பொண்ணு பாபு, சைலபாலா. ஒன்பது வயசுல மாப்பிள்ளை போயிட்டான். அவன் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்ல. இப்பப் பதினேழு. எட்டு வருஷமா, ஏகாதசின்னா பச்சைத்தண்ணி பல்லுல படாது. போன ஏகாதசிக்கு மயங்கி விழுந்துட்டா. வைத்தியம் பார்க்கற கவிராஜர் நாடி பிடிச்சுப் பார்த்துட்டு, இந்தக் கோடையில இன்னும் ரெண்டு மூணு இப்படிப் போச்சுன்னா பொண்ணு தாங்கமாட்டான்னுட்டார்.”

“நீங்களே ஒரு வாய் தண்ணி கொடுத்திருக்கலாமே?”

“கொடுக்காம இருப்பேனா? நான் பெத்தவன்தானே! கிண்ணத்தை வாய்கிட்ட கொண்டுபோனா பல்லைக் கடிச்சுக்கறா. ‘நான் குடிச்சா உங்க பன்னெண்டு வீடும் போயிடும்ப்பா’ங்கறா.” அவர் தம் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குப் புரோகிதர். அதுதான் சோறு. “கல்யாணம்னு ஒண்ணு ஆயிட்டா அவ விதவையே இல்லையே பாபு. அப்புறம் ஏகாதசி ஏது? என் வீடுங்க போனாப் போகட்டும். அவ ஒரு வீட்டுல உட்கார்ந்து தண்ணி குடிப்பா.”

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. படிவத்தை எடுத்தேன்.

“விதவை தன்னை விதவையாக உணர்கிறாளா?”

“அவ எங்க உணர்றா? தெருவுல இருக்கிறவங்கதான் உணர்த்தறாங்க.”

‘ஆம்’ என்று எழுதினேன். “பூமி உருண்டை என்பதில் விதவைக்குச் சம்மதமா?”

அவர் யோசித்தார். “உருண்டைன்னு சொன்னா தண்ணி கிடைக்குமா பாபு?”

“கிடைக்கும்னுதான் நினைக்கிறேன்.”

“அப்ப உருண்டைன்னே போட்டுக்கோங்க.”

அன்றைக்குச் சபையில் விஷயம் வந்தது. வெளியாள் பேசக் கூடாது என்பதால் அக்ரூர் என் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ராய் பகதூர் முன்னுரையாக முக்கால் மணி நேரம் பேசி, மூன்று டம்ளர் குடித்தார். பிறகு எழுந்தவர் புலின்பிஹாரி சன்யால், பி.ஏ. இருபத்து நான்கு வயது. சபையிலேயே சூடான ரத்தம் அவருடையதுதான் என்று பெயர். மேஜையை ஒரு குத்துக் குத்தினார். கூஜாவை நான் பிடித்துக்கொண்டேன்.

“என் இளமையை, என் கல்வியை, என் பிராணனை இந்த அபலையின் பாதத்தில் வைக்கிறேன்! இவளுடைய மறுமணத்துக்கு எவர் முன்வராவிட்டாலும் நான் வருவேன்! சைலபாலாவின் விவாகப் பிரஸ்தாபத்தை இந்தச் சபையின் முன் நானே கொண்டுவருகிறேன்!”

அவர் இங்கிலீஷில் முழங்கியதை நான் வங்காளியில் சொன்னேன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பாஷையில், சபையில் ‘இப்படிச் செய்யலாம்’ என்று ஒருவர் எழுந்து சொல்வதற்கும் பிரஸ்தாபம் என்றுதான் பெயர். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருவதற்கும் பிரஸ்தாபம் என்றுதான் பெயர். சபை தெரிந்தவனுக்கு முதல் அர்த்தம்தான் மனசில் வரும். பெண்ணைப் பெற்றவனுக்கு எது வரும்?

அக்ரூர் என் வேட்டி நுனியை இழுத்தார். “யாரு பாபு பிரஸ்தாபம் கொண்டு வர்றது?”

“அதோ நிக்கிறாரே, புலின்பிஹாரி சன்யால்.”

“சன்யாலா! பாரேந்திர பிராமணரா? நம்மவங்க! கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லை.” எழுதுகிற அவசரத்தில், இவர் எதற்காக இதைக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. கையெழுத்து ஓடுகிறபோது மூளை நின்றுவிடும், அது எழுத்தனுக்கு வருகிற வியாதி.

“இதை வழிமொழிபவர் உண்டா?” என்று தலைவர் கேட்டார். வழிமொழிய ஆள் இல்லாத பிரஸ்தாபம் செத்தது என்பது பதினான்காம் விதி. பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் விழித்து, “வழிமொழிகிறேன்” என்றார். 

“அவரு மாப்பிள்ளைக்கு மாமனா?” என்று அக்ரூர் கேட்டார். நான் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அக்ரூர் நேராகப் புலினிடம் போனார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிகிறது. இரண்டு கையையும் புலினுடைய தலையில் வைத்து, “நீ தீர்க்காயுசா இருக்கணும் அப்பா” என்றார். புலினுக்கும் கண் கலங்கிவிட்டது. தம் பேச்சு இவ்வளவு தூரம் ஒருவரைத் தொட்டதில்லை என்று பிஸ்கோத்துத் தின்னும்போது என்னிடம் சொன்னார்.

எங்கள் ஊரில், சம்பந்தம் முடிவானால் வீட்டுக்கு வீடு அனுப்புகிற சீர்வரிசைக்குத் ‘தத்துவம்’ என்று பெயர். பதினோரு வருஷமாகச் சபையில் தத்துவம் பேசியிருக்கிறோம். வாசனையோடு ஒரு தத்துவம் வந்தது அடுத்த புதன்கிழமைதான். பூஜை மணியையும் வெண்கலப் பானையையும் விற்று, அக்ரூர் புலின் வீட்டுக்கு ஒரு பானைத் தயிரும், ஒரு தட்டுச் சந்தேஷ் இனிப்பும், நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு பெரிய ரோகு மீனும் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் பிராமணர்களுக்கும் மீன்தான் மங்கலம்; விதவைக்கு மட்டும் அது ஆகாது. கூடவே ஒரு சீட்டு: ‘மாப்பிள்ளையின் பிரஸ்தாபத்தை மகிழ்ச்சியுடன் ஏற்கிறோம்.’

மீனைக் கண்டதும் புலினுடைய தாயார் மூர்ச்சை போட்டாள். புலின் மீனைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடி வந்தார். அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மேஜைமேல், டம்ளருக்கும் கூஜாவுக்கும் நடுவில், மீன்.

“அம்மா சோறு தின்ன மாட்டேங்கிறா!” என்று புலின் கத்தினார். அன்றைக்கு இங்கிலீஷ் வரவில்லை அவருக்கு. “எனக்கு பர்த்வான்ல பெண் பார்த்து முடிச்சாச்சு. பத்து வயசு, நல்ல குலம். கொள்கைக்காக உயிரைக் கொடுக்கிறேன்னுதானே சொன்னேன்? கல்யாணம் பண்ணிக்கிறேன்னா சொன்னேன்?”

“சொல்லவில்லை, சொல்லவில்லை” என்று சபை ஆமோதித்தது.

ராய் பகதூர் எழுந்தார். “மீனைத் திருப்பி அனுப்பினால் ஒரு தந்தையை அவமதித்ததாகும். சபை அதைச் செய்யாது. மீனை வைத்துக்கொண்டால் சம்மதம் என்றாகும். சபை அதையும் செய்யாது. ஆகவே, திருப்பாமலும் வைத்துக்கொள்ளாமலும் இருக்க ஒரு மார்க்கம் காண ஐந்து பேர் கொண்ட உபகுழுவை நியமிக்கிறேன்.”

உபகுழு கீழே போனது. கடுகு அரைக்கிற வாசனை வந்தது. ஒரு மணி நேரத்தில் மீன் திருப்பப்படவும் இல்லை, வைத்துக்கொள்ளப்படவும் இல்லை. சொன்ன கெடுவுக்குள் வேலையை முடித்த உபகுழு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வால் துண்டு ஒன்று எனக்கும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.

அக்ரூருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். பாவத்தைச் செய்கிறவன் ஒருவன், தூது போகிறவன் இன்னொருவன். போனேன்.

தெருவில் அக்ரூர் வீடு எது என்று கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மகளுக்கு மறு கல்யாணம் என்று செய்தி பரவி, தெரு அவரைத் தள்ளி வைத்துவிட்டது. நாவிதன் வருவதில்லை, வண்ணான் வருவதில்லை. குளத்துப் படித்துறையில் அவர்கள் இறங்கக் கூடாது. பன்னிரண்டு வீடும் ஒரே நாளில் வேறு புரோகிதரை வைத்துக்கொண்டன.

அக்ரூர் என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். “வாங்க பாபு, வாங்க! நாள் பார்த்தாச்சா?”

நான் சொன்னேன். பிரஸ்தாபம் என்றால் அந்தப் பிரஸ்தாபம் இல்லை, இந்தப் பிரஸ்தாபம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் என் வாயையே பார்த்தபடி சுவரில் சாய்ந்துவிட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சைலபாலாதான். “அப்போ, ஏகமனதா நிறைவேறிச்சுன்னு அப்பா சொன்னாரே. என்னதான் நிறைவேறிச்சு?”

“பிரஸ்தாபம் நிறைவேறிச்சும்மா.”

“கல்யாணம்?”

“அது வேற.”

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐயோ, அழுதிருக்கலாம் அந்தப் பெண். சிரித்தாள். “மீன் நல்லா இருந்துச்சா?”

நான் வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன்.

“நான்தான் கழுவிக் குங்குமம் வச்சுக் கொடுத்தேன். எட்டு வருஷம் ஆச்சு மீனைத் தொட்டு. நல்ல மீன். வீணாக்காம தின்னாங்களா?”

“தின்னாங்க.” பேச்சை மாற்ற, “வீடெல்லாம்தான் போயிடுச்சே, இனிமேலாவது ஏகாதசிக்குத் தண்ணி குடிக்கலாமேம்மா” என்றேன்.

பதில் சொன்னது அக்ரூர். “தெருப் பெரியவங்க ஒரு வழி சொல்லியிருக்காங்க. நான் பிராயச்சித்தம் பண்ணிக்கணும். ஜேஷ்ட மாச வளர்பிறை ஏகாதசியை இவ சுத்தமா இருந்து காட்டணும். அப்புறம் யோசிப்பாங்களாம். வேண்டாம்மா, எங்கேயாவது பிச்சை எடுக்கலாம்னேன். கேட்கமாட்டேங்கறா.” 

“பிச்சைன்னா உங்களுக்கு நடக்கத் தெம்பு இருக்காப்பா?” என்றாள் உள்ளிருந்து. “ஒரு நாள்தானே. இருந்துடுவேன்.”

அக்ரூர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாபு, நீங்க பாதுரிதானே? பாரேந்திரர்?”

“ஆமாம்.”

“வீட்டுல?”

“போன வருஷம் தவறிட்டா.”

என் மனைவி இறந்து, காரியம் முடிந்த மறுநாளே எனக்கு மூன்று இடத்திலிருந்து பெண் கொடுக்க வந்தார்கள். புருஷன் மறுபடி கல்யாணம் செய்துகொள்வதற்கு எந்தச் சபையும் கூடுவதில்லை, எந்தக் கூஜாவும் நிரம்புவதில்லை.

“அப்ப நீங்க…” என்று இழுத்தார்.

“நான் உறுப்பினர் இல்லீங்க” என்றேன் அவசரமாக. “எழுத்தன். எழுத்தன் பிரஸ்தாபம் கொண்டு வரவும் கூடாது, வழிமொழியவும் கூடாது. விதி இருக்கு.”

“ஓ, விதி இருக்கா” என்றார் அவர். நம்பினார், அதுதான் கொடுமை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். திட்டு உறைக்கவில்லை. பழக்கதோஷம்.

சபையின் ஆண்டு விழா நெருங்கியது. சிறப்பு விருந்தாளியாக ஒரு துரை வருவதாக ஏற்பாடு. துரை ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: பதினோரு வருஷமாக விதவைகளுக்கு உழைக்கிறீர்களே, ஒரு விதவையைப் பார்க்க முடியுமா? சபை கலங்கிவிட்டது. நாற்பத்து மூன்று உறுப்பினர்கள் வீட்டிலும் தேடினால் அறுபது விதவைகளாவது தேறுவார்கள். ஆனால் யார் தம் வீட்டுப் பெண்ணைச் சபையில் கொண்டுவந்து காட்டுவார்கள்? எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அக்ரூருடைய ஞாபகம் வந்தது.

“மாப்பிள்ளை விஷயமும் அன்றைக்கே தீர்மானிக்கப்படும் என்று எழுது” என்றார் ராய் பகதூர். எழுதினேன். தேதியைப் போடும்போதுதான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். ஜேஷ்ட மாசம், வளர்பிறை ஏகாதசி.

“பெரியவரே, அன்னிக்கு ஏகாதசி. அந்தப் பொண்ணு பட்டினி” என்றேன்.

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார் அவர். “என் பேச்சுக்குத் தலைப்பே ஏகாதசி விரதத்தின் கொடுமைதான். பல்லக்கு அனுப்பு.”

அன்றைய வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; கல்கத்தாவில் ஜேஷ்ட மாசம் இருந்தவர்களுக்குத் தெரியும். கூரையில் பங்கா விசிறி ஆடியது, காற்றுத்தான் வரவில்லை. துரை நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். மேடைக்கு இடப்பக்கம் சிக் என்கிற மூங்கில் திரை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் சைலபாலாவை உட்கார வைத்திருந்தார்கள். பல்லக்கிலிருந்து இறங்கியபோது அக்ரூர் கைத்தாங்கலாகத்தான் கூட்டி வந்தார். அவளுடைய உதடு வெடித்திருந்ததை நான் பார்த்தேன். சிக்குக்கு வெளியே, மூன்று எட்டுத் தூரத்தில், மேஜை. மேஜைமேல் டம்ளர். கூஜாவின் வயிற்றில் தண்ணீர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

முதலில் வரவேற்பு, பிறகு வரவேற்புக்கு நன்றி, பிறகு அறிக்கை. அறிக்கையில் ‘இவ்வாண்டு ஒரு விதவையின் விவாகப் பிரஸ்தாபம் ஏகமனதாக நிறைவேறியது’ என்று வாசித்தார்கள். துரை கைதட்டினார். பிறகு ராய் பகதூர் எழுந்து தாகத்தைப் பற்றிப் பேசினார். ஆஹா, என்ன பேச்சு! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதைச் சொன்னார். ஒரு டம்ளர் குடித்தார். எச்சில்கூட ஊறாமல் போவதைச் சொன்னார்; இன்னொரு டம்ளர். கண் இருண்டு, காதில் வண்டு ரீங்கரிப்பதைச் சொன்னார், மூன்றாவது. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் வங்காளியில் சொல்லி, ஒவ்வொரு தடவையும் டம்ளரை நிரப்பினேன். சிக் அசையாமல் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

“அந்த ஒரு வாய் நீரை அவளுக்கு மறுப்பவன் மனிதனா?” என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அக்ரூர் எழுந்து கை கூப்பினார். “மாப்பிள்ளை விஷயம்…”

“வருகிறேன்” என்றார் ராய் பகதூர். “விவாகம் என்றால் மாப்பிள்ளை வேண்டும். இதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் மாப்பிள்ளை என்பவன் யார்? அவசரத்தில் தீர்மானிக்கிற விஷயமா இது? ஆகவே, மாப்பிள்ளை என்பவன் யார் என்று ஆராய்ந்து அடுத்த ஆண்டு விழாவில் அறிக்கை தர, ஏழு பேர் கொண்ட உபகுழு…”

அக்ரூர் கூப்பிய கையோடு அப்படியே நின்றார். கையை எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூங்கில் சிக் விலகியது.

வெள்ளைச் சேலையில் அந்தப் பெண் வெளியே வந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். சுவரைப் பிடித்தபடி ஒரு எட்டு, பிடிக்காமல் இரண்டு எட்டு. மேஜைக்கு வந்து, ராய் பகதூருக்காக நான் நிரப்பி வைத்திருந்த நாலாவது டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள்.

“தாகம் எப்படி இருக்கும்னு ரொம்ப நல்லாச் சொன்னீங்க பாபு” என்றாள் ராய் பகதூரிடம். பரிகாசம் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். “எனக்கே அவ்வளவு சொல்லத் தெரியாது.”

பிறகு குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கழுத்தில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் தடுத்து அதையும் குடித்தாள். அக்ரூர் தடுக்கவில்லை. “குடிம்மா” என்றார். “குடி, குடி.” தெருப் பெரியவர்கள், பிராயச்சித்தம், பன்னிரண்டு வீடு எல்லாம் அந்த ஒரு டம்ளரோடு போயிற்று. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த மனுஷர் ‘குடி’ என்றுதான் சொன்னார்.

அப்புறம்தான் சபைக்கு உயிர் வந்தது. “ஏகாதசியும் அதுவுமா!” என்று ஒருவர். “நம்ம பேர் என்ன ஆகிறது?” என்று இன்னொருவர். “தலைவர் டம்ளர்!” என்று ஒரு கூக்குரல். துரை பக்கத்திலிருந்தவரிடம், இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததா என்று கேட்டார். புலின்பிஹாரி சன்யால், பி.ஏ., மேஜையைக் குத்திக்கொண்டு எழுந்தார்.

“இனி ஏகாதசி நாட்களில் சபையின் மேஜைமேல் தண்ணீர் வைக்கலாகாது என்று பிரஸ்தாபிக்கிறேன்!”

“வழிமொழிகிறேன்!” நாலு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. பின் வரிசைக் கிழவர்கூட விழித்திருந்தார். உபகுழு இல்லை, விவாதம் இல்லை, நன்றி இல்லை. மூன்று நிமிஷத்தில் ஏகமனதாக நிறைவேறியது.

“பனமாலி, எழுதிக்கோ” என்றார் ராய் பகதூர், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி. “எழுதிட்டுக் கூஜாவை உள்ளே கொண்டுபோ.”

பேனாவை மையில் தோய்த்தேன். நிமிர்ந்தால், அவள் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். காலி டம்ளர் என் பக்கம் நீண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவும் இல்லை.

எனக்குப் பதினான்காம் விதி ஞாபகம் வந்தது. வழிமொழிய ஆள் இல்லாத பிரஸ்தாபம் செத்தது. எழுத்தன் வழிமொழியக் கூடாது என்கிற விதியும் கூடவே ஞாபகம் வந்தது. அதை எழுதியவனே நான்தானே.

பேனாவை வைத்துவிட்டுக் கூஜாவை எடுத்தேன்.

“வழிமொழிகிறேன்” என்று சொல்லி, டம்ளர் விளிம்பு வரை ஊற்றினேன்.